கடலைக்காட்டு ஆராதனை

பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் யுத்த காலத்துக் கரி பஸ் மல்லசமுத்திரம் ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றது. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மடியில் கடலை மூட்டை வைத்திருந்தவள் சொன்னாள்:

“அக்கா, போன ஞாயித்துக்கெழம எங்க உபதேசியார் வேதக்கோயிலப் பூட்டிப்போட்டாருங்க.”

“ஏனாம்?”

“எங்க ஊட்டுக்காரரு கால் ஒடஞ்சு கட்டில்ல கெடக்கறாருங்க. மழை புடிச்சா கடலை காட்டுலயே மொளச்சுப் போயிருமில்லீங்க? சபையே வந்து புடுங்கிக் குடுத்துச்சு.”

“ஓய்வுநாள்ல வேல செய்யலாமா, கண்ணு?”

“நானும் அதையே சொல்லி அழுதேனுங்க. மண்டி போட்டுக் கடலை பொறுக்கீட்டிருந்த உபதேசியார் நிமிந்து பாத்து, ‘முழங்கால்லதானே தாயி நிக்கறேன், ஜெபம்னு வெச்சுக்கோ’ன்னாரு.”

“நீ என்ன சொன்னே?”

“நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, காட்டோரத்து ஊட்டுக்குள்ள கட்டில்ல கெடந்த மனுசன் ‘ஆமென்’னு கத்துனாருங்க.”