பாலம் தாண்டாத கார்

— ...ஊருக்குள்ள ஒண்ணும் பண்ணாது தம்பி. கடைக்குப் போறேன், பள்ளிக்கூடம் போறேன், சிக்னல்ல நிக்கிறேன். சூடு காட்டற முள்ளு அசையறதே இல்ல. பாலம் தாண்டி மெயின் ரோட்டுல கால வெச்சேன்னா...

— கால எங்க அண்ணி வெச்சீங்க, ஆக்ஸிலேட்டர்லயா?

— கிண்டல் பண்ணாதே. முள்ளு சரசரன்னு ஏறி சிவப்புக் கோட்டத் தொட்டுடுது. நிஜமாவே பயமா இருக்கு.

— வயசான வண்டி அண்ணி. உங்கப்பா ஓட்டினது. ஸ்போர்ட்ஸ் கார்னு பேருதான், இப்ப அதுக்கு மூட்டு வலி. ஊருக்குள்ள வெச்சு ஓட்டுங்க, போதும்.

— இதையேதான் போன தடவையும் சொன்னே.

— சொன்னேன்ல...

— தண்ணி மாத்தினே. தெர்மோஸ்டாட் மாத்தினே. ஃபேன் சுத்துதான்னு பார்த்தே. இவ்ளோ பெரிய மெக்கானிக்கு, பம்பருக்குக் கீழ மட்டும் குனிஞ்சு பார்க்கல.

— கீழ என்ன அண்ணி இருக்கு?

— ஒண்ணும் இல்ல. அதத்தான் கேக்கறேன். வரிசையா ஓட்டை இருக்கு. ஸ்க்ரூ போட்ட ஓட்டை. ஏதோ மாட்டியிருந்த இடம். என்னது அது?

— யார் சொன்னா உங்களுக்கு?

— யாரும் சொல்லல. நானும் அப்பாவும் இந்தக் கார் முன்னாடி நிக்கிற போட்டோ ஒண்ணு கிடைச்சுது. அதுல பம்பருக்கு அடியில கறுப்பா ஒரு பட்டை தொங்குது, தாடி மாதிரி. வெளிய வந்து பார்த்தா தாடியக் காணோம்.

— ஷேவ் பண்ணிக்கிச்சு போல.

— பாப்பா உள்ள உக்காந்திருக்கா. எனக்குச் சிரிக்க நேரம் இல்ல தம்பி.

— சரி... சரி. வேகத்தடையில உரசி விழுந்திருக்கும். மூக்கு தாழ்ந்த வண்டில்ல. இந்த மாதிரி வண்டியில முதல்ல உடையறது அதுதான்.

— விழுந்தா என்ன ஆகும்?

— பெரிசா ஒண்ணும்...

— என்ன ஆகும்னு கேட்டேன்.

— இந்தக் காருக்கு முகத்துல வாய் சின்னது அண்ணி. அழகா இருக்கட்டும்னு அப்படிச் செஞ்சுட்டாங்க. ரேடியேட்டருக்குப் போற காத்து கீழ இருந்துதான் வரணும். அந்தப் பட்டை இருந்தா காத்த மறிச்சு மேல தள்ளி விடும். இல்லைன்னா காத்து வண்டிக்கு அடியில புகுந்து பின்னாடி ஓடிடும். ரேடியேட்டர் பாட்டுக்குக் கொதிச்சுக்கிட்டு நிக்கும்.

— அப்ப ஊருக்குள்ள மட்டும் ஏன் கொதிக்கல?

— மெதுவாப் போறப்ப ஃபேன் இழுக்கற காத்தே போதும். வேகமாப் போனா எஞ்சினுக்கு உழைப்பு ஜாஸ்தி. அதுக்கு ஃபேன் பத்தாது. எதிர்காத்து உள்ள போயாகணும்.

— அதாவது அந்தப் பட்டை இல்லாம இந்தக் கார் இந்த ஊர விட்டுப் போகாது.

— ...அப்படியும் சொல்லலாம்.

— அப்படித்தான் சொல்லணும். மாட்டிக் குடு. இப்பவே.

— இப்பவா? எந்தக் காலத்து மாடல் இது. சாமான் எங்க கிடைக்கும்? அப்படி எங்க போகணும் அண்ணி, அவ்ளோ அவசரமா?

— பாப்பாவுக்குப் பல்லு காட்டணும். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு டாக்டர் நல்லாப் பார்க்கறாராம்.

— அண்ணன்கிட்ட சொன்னா டாக்சி அனுப்புவாரே.

— டாக்சியும் உங்க அண்ணனோடது, பஸ்ஸும் உங்க அண்ணனோடது. நான் ஏறி உக்கார்றதுக்குள்ள அவருக்குச் சேதி போயிடும்... இல்ல, ஒரு பல்லுக்காக அவர எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு சொல்றேன்.

— பாப்பா ஏன் இப்படி வேர்த்துப் போயிருக்கா? கண்ணாடிய இறக்கி விடுங்க. வாடா செல்லம், சித்தப்பாகிட்ட வா...

— அவள இறக்காதே. அங்கயே இருக்கட்டும்.

— அண்ணி... கவுனுக்கு மேல கவுன் போட்டிருக்கா. அதுக்கு மேல ஸ்வெட்டர். இந்த வெயில்ல.

— காலைல குளிருதுன்னா, போட்டு விட்டேன். ஏன் அப்படிப் பார்க்கறே?

— உங்க போன் எங்க?

— வீட்டுல. மறந்துட்டேன்.

— நீங்களா? அண்ணன் கூப்பிட்டா மணி அடிச்சு முடியறதுக்குள்ள எடுக்கணும்னு குளிக்கிற ரூமுக்கே கொண்டு போவீங்களே.

— அதான் இன்னிக்கு மறந்துட்டேன்.

— ...ஷட்டரப் பாதி இறக்கறேன்.

— ஏன்?

— வெயில் அடிக்குதுல்ல. கொஞ்சம் தள்ளுங்க. அந்தப் பழைய டயருங்களுக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கு.

— என்னது அது?

— பட்டை. உடைக்க வந்த வண்டி ஒண்ணுல இருந்து எடுத்து வெச்சது.

— இப்பத்தானே சாமான் கிடைக்காதுன்னே?

— மறந்துட்டேன். நீங்க மட்டும்தான் மறக்கணுமா?

— துணியில சுத்தி, கயிறு கட்டி... உடைச்ச வண்டி சாமானுக்கு இவ்ளோ மரியாதையா?

— டார்ச்சப் பிடிங்க அண்ணி. நான் அடியில போறேன்... இந்தப் பக்கம். இன்னும் கீழ... ஓட்டை தெரியல.

— இப்ப தெரியுதா?

— தெரியுது. அப்படியே பிடிங்க.

— இன்னும் எவ்ளோ நேரம் ஆகும்?

— ஏதாவது பேசிக்கிட்டே இருங்க. நேரம் போறது தெரியாது.

— என்ன பேச... முதல் தடவை பாலம் தாண்டி பெட்ரோல் பங்க் வரைக்கும் போனேன். பானட்டுக்குள்ள இருந்து குபுகுபுன்னு ஆவி. ஓரமா நிறுத்தினேன். கூட்டம் கூடிடுச்சு. கொஞ்ச நேரத்துல உங்க அண்ணன் வந்துட்டாரு. திட்டுவாருன்னு நெனச்சேன், திட்டல. எனக்குத் தண்ணி பாட்டில் குடுத்தாரு. பாப்பாவத் தூக்கிக்கிட்டாரு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி, "நான் எப்பவாவது உன்கிட்ட சாவியக் கேட்டிருக்கேனா? எங்க வேணா போயேன்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு.

— வீட்டுக்குப் போனதும்?

— நீ ஸ்க்ரூவ முடுக்கு.

— அண்ணி...

— வீட்டுக்குப் போனதும் சிரிக்கல. அடுத்த தடவை பங்க் வரைக்கும்கூடப் போகல. அன்னிக்கு வீட்டுல நடந்தத பாப்பா பார்த்துட்டா. இனிமே முடியாது தம்பி. எனக்குன்னா பொறுத்துப்பேன்... அவ இப்ப அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில போயிடறா.

— எனக்கு அவரு ஒரு சைக்கிள் வாங்கித் தந்தாரு. தெரியுமா உங்களுக்கு?

— இப்ப எதுக்கு சைக்கிள்...

— சின்ன வயசுல. தெருவையே கூப்பிட்டுக் காட்டினாரு, தம்பிக்கு வாங்கிக் குடுத்திருக்கேன்னு. செயின மட்டும் கழட்டி அவர் பீரோவுல வெச்சுப் பூட்டிக்கிட்டாரு. யாராவது கேட்டா, அவனுக்கு ஓட்டப் பயம்னுவாரு.

— நீ ஒண்ணும் சொல்லலையா?

— நானும் பயம்னே சொன்னேன். சொல்லிச் சொல்லி நெஜமாவே பயமாயிடுச்சு. இன்னும் போகல.

— தம்பி... இந்தப் பட்டை தானா விழல.

— ஷ்ஷ்... யாரோ ஷட்டரத் தட்டறாங்க. டார்ச்ச அணைங்க... யாரு அங்க?

— நான்தாண்ணே, டிரைவர். முதலாளி பஸ்ஸுக்கு ஏர் பிடிக்கணும். பட்டப்பகல்ல எதுக்குப் பாதி ஷட்டர்?

— கம்ப்ரசர் ஓடல. அடுத்த தெருவுல பிடிச்சுக்கோ.

— உள்ள குழந்தை இருமற சத்தம் கேக்குது?

— ரேடியோ.

— ரேடியோவுக்கு இருமலாண்ணே?

— நாடகம் ஓடுது. நீ போப்பா, பேசஞ்சர் காத்துக்கிட்டு இருப்பாங்க.

— கார் டயர் ஒண்ணு தெரியுதே. முதலாளியம்மா வண்டியா? சரி சரி... வர்றேண்ணே.

— ...போயிட்டானா?

— போயிட்டான்.

— சொல்லிடுவான் தம்பி. இந்நேரம் போன எடுத்திருப்பான். அய்யோ... பாப்பா, இருமாதேடா, வாயப் பொத்திக்கோ...

— டார்ச்சப் போடுங்க. இன்னும் ரெண்டு மூணு ஸ்க்ரூதான்... போன் அடிக்குது.

— யாரு?

— அண்ணன்.

— எடுக்காதே.

— எடுக்கலைன்னா நேர்ல வந்து நிப்பாரு. பேசாம இருங்க... சொல்லுங்கண்ணே... ஆமா, கடையிலதான்... அண்ணியா? இங்கதான் இருக்காங்க... கார் சூடாகுதுன்னு கொண்டு வந்தாங்க... ஆமாண்ணே, பாப்பாவும்தான்... சரிண்ணே... சரி.

— நான் இங்க இருக்கேன்னு சொல்லிட்டே.

— சொன்னேன்.

— உன்ன நம்பித்தானேடா வந்தேன்... பாப்பா, பெல்ட்டப் போடு. சாவி... சாவிய எங்க வெச்சேன்...

— அண்ணி, கேளுங்க. டிரைவர் சொல்லிட்டான். நான் இல்லைன்னு சொல்லியிருந்தா அடுத்த நிமிஷம் கிளம்பியிருப்பாரு. நிஜத்தச் சொன்னேன், நம்பிட்டாரு.

— என்ன சொன்னாரு?

— சிரிச்சாரு. சாப்பிட்டுட்டு வர்றேன்னாரு. அவசரம் இல்ல, கார் எங்கயும் போயிடாதுன்னாரு.

— அவருக்குத் தெரிஞ்சிருக்கு. பட்டை இல்லைன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. ஆனா அவரு ஸ்பேனர் பிடிச்சதே கிடையாதே தம்பி. அவருக்கு யாரு...

— கடைசி ஸ்க்ரூ. வெளிச்சத்த எடுக்காதீங்க.

— உன்னத்தான் கேக்கறேன்.

— ...முடிஞ்சுது. ரேடியேட்டர் ரெண்டு பக்கமும் இருந்த சந்துல ஸ்பாஞ்சு அடைச்சிருக்கேன், காத்து நழுவாம நேரா உள்ள போகும். முள்ளு பாதியத் தாண்டினா வேகத்தக் குறைங்க. அப்பவும் ஏறினா ஏசிய அணைச்சுட்டு ஹீட்டரப் போடுங்க.

— இந்த வெயில்லயா?

— எஞ்சின் சூட்ட உள்ள இழுத்துக்கும். உங்களுக்கு வேகும், வண்டி பிழைச்சுக்கும். என்ன ஆனாலும் பங்க்ல நிறுத்தாதீங்க. ரேடியேட்டர் மூடியத் திறந்துடாதீங்க, மூஞ்சியில அடிக்கும். பாலம் தாண்டினதும் பாப்பா ஸ்வெட்டரக் கழட்டிடுங்க, பாவம்.

— இது தாங்குமா? என்கிட்ட நிஜத்தச் சொல்லு.

— தாங்கணும் அண்ணி. உங்கப்பா இதுல மலையே ஏறியிருக்காரு. ஓட்டிப் பார்த்துத்தான் சொல்லணும், அதுக்கு நேரம் இல்ல. பின்பக்க கேட்டத் திறந்து விடறேன். சந்து வழியா மெயின் ரோட்டுக்குப் போயிடுங்க.

— டாக்டரப் பார்த்துட்டு சாயந்திரம்...

— பல் டாக்டர்னு இன்னொரு தடவை சொல்லாதீங்க. என்னால தாங்க முடியல.

— ...சரி. நான் திரும்பி வரமாட்டேன் தம்பி.

— தெரியும். கவுனுக்கு மேல கவுன் பார்த்தப்பவே தெரியும்.

— எங்க போறேன்னா...

— சொல்லாதீங்க. அவரு கேட்டா சொல்லிடுவேன். என் பயம் எனக்குத் தெரியும்.

— அப்ப நீயும் வா.

— ரெண்டே சீட்டு அண்ணி.

— பாப்பாவ மடியில வெச்சுக்கோ. அவர் வந்து பார்த்தா உன்ன என்ன பண்ணுவாரோ...

— பாலத்து ஏத்தத்துல ஒரு ஆள் கனம் கூடினா முள்ளும் கூடும். கிளம்புங்க.

— பாப்பா, சித்தப்பாவுக்கு டாட்டா சொல்லு... போறேன் தம்பி.

— போயிட்டு வர்றேன்னு சொல்லுங்க அண்ணி.

— சொன்னா பொய்யாயிடும். போறேன்.

— மெதுவா... கேட்டுல உரசிடாம... அப்படியே போங்க... போங்க...

— மறுபடியும் போன் அடிக்குது... சொல்லுங்கண்ணே. சாப்பிட்டாச்சா?... இங்கதான் நிக்குது. பானட்டத் தூக்கி வெச்சிருக்கேன், கை வைக்க முடியல, அவ்ளோ சூடு... அண்ணி பாப்பாவத் தூங்க வெச்சுக்கிட்டு இருக்காங்க... அந்தப் பட்டையா? அது எப்படிண்ணே கார்ல இருக்கும்? நீங்க கழட்டுன்னு சொன்ன அன்னிக்கே என் கையால கழட்டி ஒளிச்சு வெச்சேன்ல, வெச்ச இடத்துலயே இருக்கு... நிதானமா வாங்க.