கழுவுமிடத்திலிருந்து ஓட்டுநர் இருக்கைக்கு வந்த மணியக்காவுக்கு

தண்டவாளத்தை விட்டும் தன்மானத்தை விட்டும் ஒரு விரற்கடையும் விலகாத தலைமகளே! பனி கொட்டிய காலையிலும் பிடி தளராத பெருந்தகையே! நாற்சந்திதோறும் நாதமெழுப்பி, நடுத்தெருவில் படுத்திருக்கும் பூனைக்கும் மணியடித்து வழிகேட்ட நல்லியல்பின் நாயகியே! எங்கள் டிராம் பணிமனை ஈன்றெடுக்காமலே பெற்ற எங்கள் மூத்தவளே, மணியக்காவே! உங்களுக்கு எங்கள் வணக்கம்.

இத்தனை அடைமொழிகளைக் கேட்டதும் உங்கள் புருவம் ஏறியிருக்கும். "போதும்டி, வண்டி கெளம்பட்டும்" என்று வாய்வரை வந்திருக்கும். சற்றே பொறுத்தருளுங்கள். பணி ஓய்வு நாளில் வாசிக்கும் பாராட்டு மடல் என்றால் கொஞ்சம் சோடனை இல்லாமல் முடியாது. கையெழுத்து அழகாக இருக்கிறது என்ற ஒரே குற்றத்துக்காக, ஆயுளில் பெரும்பகுதியைப் பயணச்சீட்டு விற்கும் சன்னலுக்குப் பின்னால் கழித்த என் தலையில் இந்த வேலை விழுந்திருக்கிறது. எல்லார் சார்பிலும் எழுதுகிறேன்; இடையிடையே என் வாயும் நீளும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு, அக்கா. சட்டமிட்டு மாட்டுவதற்காக எழுதப்பட்ட இம்மடலை நீங்கள் வாங்கிக்கொள்வீர்களா என்பது இந்த நிமிடம்வரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. போன வாரம் ஓய்வறையில், விழா பற்றிப் பேச வந்த எங்களைப் பார்த்து நீங்கள் சொன்னது இதுதான்: "கழுவுற எடத்துல இருக்குற பொண்ணுங்க ஓட்டுநர் தேர்வுக்குப் போக வழி பண்ணுங்க. இல்லேன்னா எனக்கு மடலும் வேணாம், மாலையும் வேணாம். பையை எடுத்துக்கிட்டு நான் பாட்டுக்குப் போறேன்."

அந்தப் பெண்களை எங்களுக்குத் தெரியும், தெரியாது. வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள், வேறு இனத்தவர், ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வேலை பார்ப்பவர்கள். நாங்கள் ஓட்டும் வண்டிகளை அவர்கள் கழுவுகிறார்கள். நிரந்தர ஊழியர் மட்டுமே ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம் என்ற விதி அவர்களைத் தடுக்கிறது. அந்த விதி மேலாளர் போட்டதன்று. எங்கள் சங்கம் கேட்டு வாங்கியது. எங்கள் சங்கச் செயலாளர், நல்ல பிள்ளை, உங்களிடம் பணிவாகத்தான் சொன்னார்: "அக்கா, மொதல்ல நம்ம பொண்ணுங்க பதவி உயர்வு விஷயம் முடியட்டும். அவங்களோடது அப்புறம்." அப்புறம் என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். இளையவர்கள் பயந்துவிட்டார்கள். அவர்களுக்குப் புரிய வேண்டுமானால் பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்ல எனக்கும் ஆசைதான்.

என் சன்னலுக்கு நேர் எதிரே இருந்தது அந்தக் காலத்துக் கழுவுமிடம். தகரக் கூரை, வழுக்கும் செங்கல் தரை, எப்போதும் ஆவி பறக்கும் வெந்நீர்த் தொட்டி, மூக்கில் ஏறும் சோப்பு நெடி. விடியற்காலையில் கறுப்பினப் பெண்களான நீங்கள் அங்கே வரிசையாக நின்று வண்டிகளைத் தேய்ப்பீர்கள். மர இருக்கைகளின் இடுக்கில் கிடக்கும் ஒற்றைக் கையுறைகளை நீங்கள் ஒரு கம்பியில் கோத்து, யாரும் கேட்டு வராத அவற்றைப் பிள்ளைகளைப்போலப் பார்த்துக்கொள்வீர்கள். வேலைக்கு நடுவே உங்கள் சிரிப்பு கேட்கும். எனக்கு இன்றும் அந்தச் சிரிப்பு கேட்டால்தான் காலை விடிந்த மாதிரி இருக்கிறது.

அந்தக் காலத்தில் எவர் எங்கே நிற்பது என்பது பிறக்கும்போதே முடிவாகிவிடும். வண்டி ஓட்டுவது வெள்ளையின ஆண்கள். தண்டவாளம் போடுவதும் பழுது பார்க்கும் பள்ளத்தில் இறங்குவதும் உங்கள் அண்ணனைப் போன்ற கறுப்பின ஆண்கள். சீட்டு விற்பது என்னைப் போன்ற வெள்ளையினப் பெண்கள். வாளியும் துடைப்பமும் உங்களுக்கு. ஓட்டுநர் வாளியைத் தொடமாட்டார். கழுவுகிறவள் ஓட்டுநரின் கைப்பிடியைத் தொடக்கூடாது. அந்தப் பித்தளைக் கைப்பிடியைத் துணியால் சுற்றித் துடைக்கும்போது நீங்கள் ஒரு கணம் கூடுதலாகப் பிடித்திருப்பதை நான் சன்னல் வழியே பார்த்திருக்கிறேன்.

பிறகு போராட்டக் காலம் வந்தது. நாங்கள் பெண்கள் ஒரு சங்கம் வைத்தோம்; இன்று அது எல்லாருக்கும் பொது. உங்கள் இனத்தார் ஒரு பேரவை வைத்தார்கள். நீங்கள் இரண்டுக்கும் ஓடினீர்கள். இங்கே சுவரொட்டிக்குப் பசை காய்ச்சினீர்கள். அங்கே கூட்டத்துக்கு நாற்காலி தூக்கினீர்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது உங்களைப் பார்த்தால் புரியும். பேரவையின் தலைவரே உங்கள் அண்ணன்தான். அவர் சொன்னார்: "கொஞ்சம் பொறு தங்கச்சி. மொதல்ல நம்ம ஆம்பளைங்க ஓட்டுநர் சீட்டுல ஏறட்டும். பொம்பளைங்க சமாச்சாரம் அப்புறம் பாத்துக்கலாம்." எங்கள் சங்கத்தின் அன்றைய செயலாளர் அம்மாவும் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இந்தா பாரு கண்ணு, மொதல்ல பொம்பளைங்க ஏறட்டும். நெறத்தப் பத்தி இப்பப் பேசுனா மேலாளர் கதவையே சாத்திடுவாரு. அது அப்புறம்."

அன்றைக்கு எங்கள் சங்கக் கூட்டத்தில் எழுந்து நீங்கள் கேட்ட கேள்வியை அங்கிருந்த யாரும் மறக்கவில்லை. "காலையில பொம்பளையா எந்திரிச்சு, மத்தியானத்துக்கு மேல கறுப்பியா மாறுறேனா நான்? ரெண்டும் ஒண்ணாத்தானே படுக்கையை விட்டு எந்திரிக்குது! எந்தப் பாதியை வீட்டுல விட்டுட்டு வரச் சொல்றீங்க?" கூட்டத்தை முடித்துக்கொண்டு கலைந்தோம்.

எங்கள் சங்கம் வென்றது. பெண்களும் வண்டி ஓட்டலாம் என்று ஒப்பந்தம் ஆயிற்று. வண்டி எப்படி ஓட வேண்டும் என்பதைக் கழுவியே கற்றிருந்த நீங்கள் தேர்வில் எல்லாரையும் முந்தினீர்கள். சீருடை வந்தது. பெண் ஓட்டுநருக்கு மட்டும் பாவாடையும் நீளக் காலுறையும். அந்தக் காலுறை எங்கள் வெள்ளைத் தோலின் நிறத்தில் இருந்தது. எங்கள் காலில் அது இருப்பதே தெரியவில்லை. உங்கள் காலில் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது. நீங்கள் அதைக் கழுவுமிடத்துத் தொட்டியில், கடும் தேநீரில் ஊறப்போட்டு உங்கள் நிறத்துக்குக் கொண்டுவந்து உடுத்தி வந்தீர்கள். அவ்வளவு அழகாக அந்தச் சீருடை வேறு யாருக்கும் பொருந்தியதில்லை. நிறுவனத்தின் உடைமையைக் கெடுத்தீர்கள் என்று சொல்லி, வண்டியில் ஏறுமுன்பே உங்களைத் திரும்பக் கழுவுமிடத்துக்கு அனுப்பினார் உடுப்பு மேற்பார்வையாளர்.

அடுத்து பேரவையும் வென்றது. கறுப்பின ஆண்கள் ஓட்டுநர் ஆனார்கள். அவர்களுக்கு நீளக் கால்சட்டை. காலுறையின் நிறத்தைக் குனிந்து பார்க்க எவருமில்லை. உங்கள் அண்ணன் தொப்பியணிந்து வண்டியேறினார். பெண்கள் வென்றார்கள், கறுப்பினத்தார் வென்றார்கள். கறுப்பினப் பெண்ணான நீங்கள் மட்டும் வாளியோடு நின்றீர்கள். எங்கள் வண்டியையும் கழுவினீர்கள், அண்ணன் வண்டியையும் கழுவினீர்கள். எங்கள் நிறக் காலுறையை அணிய நீங்கள் மறுத்ததால் பல குளிர்காலங்கள் அப்படியே போயின. "ஒரு காலுறைக்காகவா இவ்வளவு பிடிவாதம்?" என்று ஊரே கேட்டது.

பிறகு அந்தக் காலைப்பொழுது. முன்கண்ணாடி துடைக்காத வண்டியை வாசற்காவலர் வெளியே விடமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியாததா? நீங்களும் உங்கள் தோழியரும் எல்லா வண்டிகளையும் பளபளவென்று கழுவிவிட்டு, முன்கண்ணாடிகளை மட்டும் தொடாமல் விட்டீர்கள். உறைபனி அப்பிய கண்ணாடிகளோடு வண்டிகள் வாசல்வரை வரிசை கட்டி நின்றன. ஊர் முழுக்க நிறுத்தங்களில் ஆட்கள் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். செயலாளர் அம்மா ஒரு பக்கமும் உங்கள் அண்ணன் மறுபக்கமுமாகக் கழுவுமிடத்துக்கு ஓடிவந்தார்கள். இருவரும் அதற்குள் காலடி வைத்தது அதுவே முதல் தடவை.

அது தரைக்கும் தெரிந்துவிட்டது போலும். செயலாளர் அம்மா சோப்பு நீரில் வழுக்கிப் பொத்தென்று உட்கார்ந்தார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நீங்கள்தான் கைகொடுத்துத் தூக்கி, வெந்நீர்க் குழாயோரம் அமர்த்தினீர்கள். நனைந்த காலுறைகளைக் கழற்றிப் பிழிந்த அவர், குழாய்மேல் காய்ந்துகொண்டிருந்த உங்கள் தேநீர் நிறக் காலுறைகளைப் பார்த்தார்.

"இதுக்கா இத்தனை வருஷம்?" என்றார்.

"இதுக்குத்தாம்மா. நீங்க குடுத்ததைப் போட்டுக்கிட்டு ஓட்டுனா, தெனமும் இன்னொருத்தி காலை மாட்டிக்கிட்டு வர்ற மாதிரி இருக்கும். அதுக்குப் பேரு வேலை கெடைச்சதா?"

அண்ணன் குறுக்கே வந்து, "விடு தங்கச்சி, என் கண்ணாடிய நானே தொடச்சுக்கறேன்" என்று துணியை எடுத்தார்.

"தொடாதண்ணே. கண்ணாடி அழுக்கா இருக்குறதா பிரச்சனை? நீ அதுக்கு உள்ள உக்காந்திருக்குறப்ப நான் எங்க நிக்கறேன்னு ஒரு நாளாவது பாத்தியா?"

உங்கள் அண்ணன் பேச்சில் மன்னன். ஆயிரம் பேர் கூட்டத்தைக் கையில் வைத்திருப்பவர். அன்றோ தொப்பியைக் கழற்றி, கவிழ்த்த வாளிமீது உட்கார்ந்தார். தேடிவந்த ஓட்டுநர்களிடம், "இன்னைக்கு நான் வண்டி எடுக்கல" என்று மட்டும் சொன்னார். செயலாளர் அம்மா அந்தக் குளிரில் வெறுங்காலோடு மேலாளர் அறைக்கு நடந்து, ஈரக் காலுறைகளை மேசைமேல் வைத்தார். எங்கள் பெண் ஓட்டுநர்களும் ஒவ்வொருவராகக் கழற்றிக் குவித்தார்கள். சீட்டுச் சன்னலில் இருந்த எங்களுக்கும் அதே காலுறைதான். நானும் கழற்றினேன், முதல் ஆளாக அல்ல. மேலாளர் பூசி மெழுகப் பார்த்தார். குவியல் வளர வளர அவர் குரல் தேய்ந்தது. அந்த வாரமே ஆண் பெண் எல்லா ஓட்டுநருக்கும் ஒரே கால்சட்டை என்று உத்தரவாயிற்று.

அதன்பின் எங்கள் தெருக்கள் உங்களுடையவை. வளைவுகளில் குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல வண்டியைச் சாய்ப்பீர்கள். ஓடிவரும் பயணிக்காகக் காத்திருந்துவிட்டு, ஏறியதும் ஏசுவீர்கள். இங்குள்ள ஓட்டுநர்களில் பாதிப்பேர் உங்களிடம் பயின்றவர்கள். அத்தனை பேரும் திட்டு வாங்கியவர்கள். ஓய்வறையின் சன்னலோர நாற்காலி உங்களுடையது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. அது நாளை வெறுமையாக இருக்கும் என்பதை நினைக்கவே எங்களுக்குப் பிடிக்கவில்லை.

இளையோரே, இதனால்தான் அப்புறம் என்ற சொல் அக்காவுக்கு ஆகாது. அதைச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். இவரிடம் சொன்னவர்களில் ஒருவர் கூடப்பிறந்தவர், ஒருவர் கூடவே போராடிய செயலாளர் அம்மா. அவர்கள் வாயிலிருந்து வந்ததால்தான் அது அதிகம் வலித்தது.

இனி, நேற்று மாலை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், அக்கா. உங்களுக்குத் தெரியாமல் சங்கம் கூடியது. நிரந்தர ஊழியர் மட்டும் என்ற விதியை எடுத்துவிட வேண்டும் என்று நான்தான் எழுந்து கேட்டேன். சண்டை என்றால் சாதாரணச் சண்டையன்று. "நம்ம புள்ளைங்க வேலைக்கு அவங்க போட்டிக்கு வந்தா?" என்று ஒருவர் நாற்காலியை உதைத்துவிட்டு வெளியேறினார். இதே அறையில் உங்களைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள் என்று பழையவர்கள் நினைவூட்டினோம். கடைசியில் செயலாளர், அதே நல்ல பிள்ளை, சொன்னார்: "அக்காகிட்ட அப்புறம்னு சொன்னதுலேர்ந்து எனக்குத் தூக்கமில்லீங்க. கை தூக்குங்க." தூக்கினோம். எல்லாரும் அல்ல, ஆனால் போதுமான கைகள். நாங்கள் கேட்டு வாங்கிய விதியை நாங்களே திருப்பிக் கொடுத்தோம்; அது போய்விட்டது. அடுத்த தேர்வுக்குக் கழுவுமிடத்துப் பெண்களும் வருவார்கள். அவர்கள் இப்போது இந்த அரங்கின் முன்வரிசையில் இருக்கிறார்கள். யார் என்று நீங்கள் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. எங்கள் எல்லாரையும்விட நேராக உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்தான்.

நோய் அண்டாத உடலும் நொடி அண்டாத மனமுமாய், உங்களைத் திட்டத் தைரியமுள்ள பேரப்பிள்ளைகள் சூழ, நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். எங்கள் வண்டிகளில் பயணியாய் ஏற வேண்டும். ஓட்டுவதில் குற்றம் கண்டுபிடிக்க வேண்டும். நிறுத்தம் தாண்டியும் இறங்காமல் சண்டை போட வேண்டும். இவை எங்கள் வாழ்த்தல்ல, வேண்டுகோள்.

வழக்கமாக இம்மடலில் ஓட்டுநர்கள் முதலில் ஒப்பமிடுவார்கள். இம்முறை அப்படி இல்லை. முதல் ஒப்பங்கள் எங்களில் யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்தில் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழேதான் நாங்கள் இடம் தேடிக்கொண்டோம்.

இப்போதாவது கையை நீட்டுங்கள், அக்கா.

இப்படிக்கு,
கழுவுமிடப் பெண்கள்,
அவர்களுக்குப் பின்
பழுதுபார்ப்போர், சீட்டு விற்போர், நடத்துநர்கள், ஓட்டுநர்கள்