அவர் சொன்னதாக நான் சொன்னது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாகப் பேச வராது. நாலு பேர் கூடினாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த காலம் முழுக்க டாக்டர் கேட்டால் பதில் சொல்வேன், நோயாளி கேட்டால் "சரியாயிடும்" என்பேன். அதற்கு மேல் பேசத் தேவை வந்ததில்லை. அங்கே எல்லாருக்கும் நான் சிஸ்டர். சபைக்கு வந்தால் அங்கேயும் சிஸ்டர். கூடப்பிறந்தவர் என்று சொல்லிக்கொள்ள மட்டும் ஒருவரும் கிடையாது.

அதனால் நான் சொல்வது முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாஸ்டரின் மகள் உங்கள் ஸ்டேஷனில் என்மேல் கொடுத்திருக்கும் புகாரில் இருப்பது உண்மைதான். அவளுக்குத் தெரியாததையும் நானே சொல்லிவிடுகிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பாஸ்டர் வீட்டின் பின்பக்க அறையில் குடியிருந்தேன். அவர் மனைவி தவறிப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அவருக்குச் சமையல், துணிமணி, மாத்திரை எல்லாம் என் பொறுப்பு. ஊர் வாய் சும்மா இருக்காது என்பார்கள். எங்கள் விஷயத்தில் சும்மாதான் இருந்தது. அவர் அப்படிப்பட்டவர். நானோ, கண்ணாடியே பார்த்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடும் முகம்.

அவர் பிரசங்கத்தில் திரும்பத் திரும்ப வருவது விக்கிரகம்தான். "கல்லுல செஞ்சது மட்டும்தான் விக்கிரகம்னு நினைச்சுக்கிட்டு நிம்மதியா தூங்காதீங்க. நீ கட்டுற வீடு விக்கிரகம். உம்பிள்ளை வாங்குற மார்க்கு விக்கிரகம். ஆண்டவருக்கு முன்னாடி எதைக் கொண்டுபோய் வைக்கிறியோ, அது விக்கிரகம்" என்பார். சபையார் தலையை ஆட்டுவார்கள். ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய் அவருடைய படத்தைச் சுவரில் மாட்டிக்கொள்வார்கள். அவர் திட்டுவார். அதனால் அவர் ஜெபிக்க வரும் நாளில் மட்டும் படம் பீரோவுக்குப் பின்னால் போகும். சபையின் செயலாளர் ஒருவர், இரும்புக்கடை வைத்திருப்பவர். அவர் வீட்டுச் சுவரில் படம் இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்துக் கிடந்தது. பாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, "சுவரு காட்டிக் கொடுக்குதே ஐயா" என்று சிரித்தார்.

நான் அவர் படம் எதுவும் வைத்துக்கொண்டதில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு ஒரே மகள். தாயில்லாப் பிள்ளை. சின்ன வயதில் ஆராதனை முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். என்னை அத்தை என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவள்தான். வளர்ந்து, வேலைக்குப் போன இடத்தில், எங்கள் விசுவாசத்தில் இல்லாத ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அடுத்த ஞாயிறு பாஸ்டர் பிரசங்க மேடையில் ஏறி, வேதப் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு, "எனக்கும் ஒரு விக்கிரகம் இருந்துச்சு. எம்மகள். இன்னிக்கு அதை உடைச்சுட்டேன்" என்றார். சபையே அழுதது. அன்றுமுதல் கோயிலில் நாற்காலி பற்றவில்லை. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். ஆண்டவருக்காகப் பெற்ற மகளையே விட்டவர் என்று அவரைக் கைகாட்டிப் பேசினார்கள். எனக்கும் அன்றுதான் விசுவாசம் என்றால் என்னவென்று விளங்கியது. அதற்கு முன்னால் வேதம் எனக்கு வெறும் படிப்பு. அதைச் செய்துகாட்டிய ஒரு மனிதரை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அவருக்கே மூன்று வேளை சமைத்துப் போட்டேன்.

பக்கவாதம் வந்தது ஆராதனை முடிந்து அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது. வலது பக்கம் முழுக்கப் போயிற்று. பேச்சு குழறிப்போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று வீடு நிறைய ஜனம். அவர் கட்டிலில் சாய்ந்து, இடது கையால் என் புடவையைப் பிடித்து இழுத்து, ஏதோ சொன்னார். இப்படிப்பட்டவர்களை நான் வார்டில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். எனக்குப் புரிந்தது. "குட்டி" என்றார். மகளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அப்புறம், "தப்பு. நான் பண்ணது தப்பு" என்றார்.

இரும்புக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன சிஸ்டர் சொல்றாரு?" என்று கேட்டார்.

"கர்த்தர் நல்லவர்னு சொல்றாரு" என்றேன்.

திட்டம் போட்டுச் சொன்னதில்லை. வாயில் தானாக வந்தது. அத்தனை பேரும் முழங்காலில் விழுந்தார்கள். பாஸ்டர் என்னைப் பார்த்தார். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்திருப்பார். மறுபடியும் அதையே சொன்னார், இன்னும் பாடுபட்டு. "சபையை ஆசீர்வதிக்கிறாரு" என்றேன்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போவேன். அவர் பேசுவார், நான் குனிந்து காதைக் கொடுப்பேன், நிமிர்ந்து சொல்வேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நானூறு பேர் முன்னால் பேசினேன். வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை, அவர் பிரசங்கம் ஒன்றையும் நான் தவறவிட்டவள் இல்லையே. அவர், "எம்மகளைக் கூப்பிடுங்க" என்பார். "கலப்பையில கை வச்சவன் திரும்பிப் பார்க்கக் கூடாதுன்னு சொல்றாரு" என்பேன். ஒருநாள் அவர் தாங்கமாட்டாமல் நாற்காலியின் கைப்பிடியில் இடது கையால் ஓங்கி ஓங்கி அடித்தார். ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று பாட ஆரம்பித்தார்கள். நான் அவர் கையைப் பிடித்து மடியில் வைத்தேன். அடிபட்டுச் சிவந்திருந்தது. வீட்டுக்கு வந்து களிம்பு போட்டேன்.

நான் அவரைக் கொடுமைப்படுத்தினேன் என்று எழுதியிருக்கிறதா? அவர் முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. படுக்கையில் கிடந்தவரை அப்படி வைத்திருப்பது லேசுப்பட்ட வேலையில்லை. எந்த நர்ஸை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வந்துபோவாள். கெட்டிக்காரி. அவள் கை பட்டதும் அவர் பேச்சு தெளிய ஆரம்பித்தது. ஒருநாள் நான் மருந்து வாங்கப் போய்த் திரும்பியபோது, "குட்டின்னா யாரு சிஸ்டர்? அடிக்கடி சொல்றாரே" என்று கேட்டாள்.

"பூனைக்குட்டிம்மா. முன்னாடி வீட்டுல ஒண்ணு வளர்ந்துச்சு."

"பாவம், அதையே நினைச்சுக்கிட்டு இருக்காரு" என்று அவர் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் இரும்புக்கடைக்காரரிடம், பாஸ்டருக்குப் பயிற்சி அலுப்பாக இருக்கிறதாம், ஜெபம் போதும் என்கிறார் என்றேன். அந்தப் பெண்ணை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் விட்டுப்போன எழுத்துப் பலகையை, இடது கை விரலால் தொட்டுக்காட்டுகிற பலகை அது, நான்தான் பரணில் போட்டேன்.

மகள் வந்தது அதற்கப்புறம். விஷயம் அவளுக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. கதவைத் திறந்ததும், "அத்தை, ஒரே ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேன்" என்றாள். எப்படி வேண்டாம் என்பது? உள்ளே விட்டேன்.

அவளைப் பார்த்ததும் அவர் பேசப் பேச வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நொறுங்கின. உணர்ச்சி வசப்பட்டால் பக்கவாதக்காரர்களுக்கு அப்படித்தான் ஆகும். மன்னிச்சிடு என்றார். என்கூட இரு என்றார். அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா என்ன சொல்றாரு, அத்தை?"

"போயிடச் சொல்றாரும்மா."

"அழறாரே?"

"உன்னைப் பார்த்தா வேதனை பொங்குதில்ல, அதான்."

"கையைப் பிடிச்சிருக்காரே அத்தை. விடவே மாட்டேங்கிறாரே."

"இந்த வியாதியில கை தானா இறுகிக்கும்மா. அதுக்கும் மனசுக்கும் சம்பந்தம் கிடையாது" என்றேன். அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். பிடித்திருந்தது இடது கை, வியாதி வராத கை. அது அவளுக்கு உறைக்கவில்லை. அழுகிறவர்கள் இடது வலது பார்ப்பதில்லை. வாசல்வரைக்கும் போய் அவளை வழியனுப்பினேன்.

திரும்பி வந்தபோது அவர் என்னைப் பார்த்து ஒரு வாக்கியம் சொன்னார். அவ்வளவு தெளிவாக, யார் இருந்தாலும் புரிந்திருக்கும். "குட்டி வந்தாதான் சாப்பிடுவேன்."

அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு வாயைத் திறக்கவில்லை. கரண்டியைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொண்டார். பிறகு தண்ணீரும் வேண்டாம் என்றார். சபைக்கு என்ன சொல்வது? பாஸ்டர் உபவாச ஜெபத்தில் இருக்கிறார், யாரும் உள்ளே வரக்கூடாது என்றேன். அவரோடு சேர்ந்து பாதிச் சபை உபவாசம் இருந்தது. இரும்புக்கடைக்காரர் மயங்கி விழுந்து குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டார். அவருக்கு ஏற்றினார்கள்.

நான் நர்ஸ். நாக்கு வறண்டால், கிள்ளின தோல் கிள்ளினபடியே நின்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒரு போன் போட்டிருந்தால் ஆம்புலன்ஸ் வந்திருக்கும், மூக்கில் குழாய் போட்டுப் பிழைக்க வைத்திருப்பார்கள். ஆனால் அங்கே வேறு நர்ஸ் இருப்பாள். அவளுக்கும் காது இருக்கும். அதனால் போன் போடவில்லை. மகளுக்கும் சொல்லி அனுப்பவில்லை. ஜன்னலைச் சாத்தினேன். பக்கத்துக் கோயிலில் ஆராதனைப் பாட்டு நடக்கும்போது அவர் குட்டி, குட்டி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஈரத்துணியால் அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாட்டு முடிவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது.

அடக்கத்துக்கு வந்த பயிற்சிக்காரப் பெண் மகளிடம் துக்கம் விசாரிக்கப் போயிருக்கிறாள். பாவம் உங்கப்பா, குட்டி குட்டின்னு பூனையைத்தான் தேடிக்கிட்டே இருந்தாரு என்றாளாம். அவர் பேச்சு தேறுவதைக் கவனிக்க ஒருநாள் தன் செல்போனில் பதிந்து வைத்திருந்ததையும் போட்டுக் காட்டியிருக்கிறாள். பெட்டியின் பக்கத்தில் நின்றிருந்த என்னை மகள் அங்கிருந்து பார்த்தாள். கத்தவில்லை. அன்றிலிருந்து அவள் என்னை அத்தை என்று கூப்பிடவும் இல்லை. நீங்கள் என்னை ஸ்டேஷனுக்கு அழைத்துவந்ததற்கு அந்தப் பதிவுதான் காரணம்.

செய்தேன். சாகவிட்டேன். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவரை நான் விக்கிரகமாக்கிவிட்டேன் என்று அந்தப் பெண் புகாரில் எழுதியிருப்பதாகச் சொன்னீர்களே, அதை மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டேன். அவர் தவறு செய்துவிட்டதாகச் சொன்னதை நான் வெளியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தீர்களா? அவரும் எல்லா அப்பன்களையும் போல ஒரு அப்பன் என்று ஆகியிருக்கும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் யாரைக் கும்பிடப் போவோம்?