ஏழு பெல்லெகிரினோ உயரம்

— கொழும்பு இல்லைத் தம்பி. பெரு.

— பெருவோ? நாகபூசணியக்கா, ரயில் ஸ்தாசியோனேக்குப் பக்கத்திலை பதினாறு வருசமா ரிக்கற் போடுறன். கொழும்பு, சென்னை, லண்டன், மிஞ்சிப்போனால் லூர்து. பெருவுக்கு ஒரு தமிழ்ச் சனமும் என்னட்டை வந்து கேட்டதில்லை.

— இப்ப நான் கேக்கிறன். உமாசுதன், உம்மட்டைச் சொன்னால் செய்து தருவீர் எண்டு எங்கடை தெருவிலை இருக்கிற அகஸ்ரீனா சொன்னவ. மலையிலை நாலு நாள் நடந்து போற பயணம். கூட்டிக்கொண்டு போக ஆள் வேணும். போய்ச் சேருற இடம் இந்தப் படத்திலை கிடக்கு, பாரும்.

— ஓ, மச்சு பிச்சு. எங்காலை இந்தப் படம்? பழசாக் கிடக்கு.

— நான் வேலை செய்யிற சிஞ்ஞோரா வீட்டுச் சுவரிலை தொங்கினது. பதினொரு வருசமா நான்தான் தூசி தட்டுறன். இண்டைக்குத்தான் ஆணியிலையிருந்து இறக்கினது. சுவரிலை அந்த இடம் மட்டும் வெள்ளையா நிக்குது.

— கண் தெரியாத அந்த மனிசியோ?

— ஓம். எண்பத்தெட்டு வயசு. இருபத்தேழு வயசிலை தங்கச்சியோடை அங்கை போனவ. இப்ப என்னைப் போகட்டாம். போய்ப் பாத்திட்டு வந்து தனக்குச் சொல்லட்டாம். செலவு முழுக்க அவவின்ரை.

— பொறுங்கோ, பாக்கிறன். இந்தப் பாதைக்கு ஒரு நாளைக்கு இத்தினை பேர்தான் எண்டு அளவு வைச்சிருக்கிறாங்கள். வழிகாட்டி இல்லாமல் விடமாட்டாங்கள். பாஸ்போட் இலக்கத்திலைதான் அனுமதி, பிறகு ஆளை மாத்தேலாது. ஜூன் முழுக்கச் சிவப்பு, இடமில்லை. சிவப்பு. இதுவும் சிவப்பு. இந்தா, பதினொண்டு வியாழன். ஒரே ஒரு இடம்.

— எனக்கும் ஒண்டுதான் வேணும்.

— பிடிச்சு வைச்சிட்டன். இருபது நிமிசம் தருவாங்கள். திரை மூலையிலை நேரம் ஓடுது, பாருங்கோ. அதுக்குள்ளை படிவத்தை நிரப்பாட்டில் இடம் போயிடும்.

— போனால் பிறகு எப்ப?

— செப்டெம்பர் கடைசி.

— செப்டெம்பர் வரைக்கும் அவ இருப்பா எண்டு டொக்டரே சொல்லேல்லை. நிரப்பும்.

— மலை ஏறின அனுபவம் இருக்கோ எண்டு கேக்கிறாங்கள்.

— இருபத்தொரு வருசமா ஒவ்வொரு ஞாயிறும் இஞ்சத்தை மொந்தே பெல்லெகிரினோ மலை ஏறுறன். வெறுங்காலோடை. ஒரு ஞாயிறும் தவறேல்லை.

— சாந்தா ரொசாலியா கோயிலுக்கு நாங்களும்தான் ஏறுறம். அது அறுநூறு மீற்றர் அக்கா. இந்தப் பாதையிலை ஒரு கணவாய் இருக்கு, நாலாயிரத்து இருநூறு. ஏழு பெல்லெகிரினோவை ஒண்டுக்கு மேலை ஒண்டா அடுக்கோணும்.

— ஒண்டு, இரண்டு, மூண்டு...

— என்னக்கா எண்ணுறியள்? பயந்திட்டியளோ?

— இல்லை. அடுக்கிப் பாத்தன். ஏழாவதிலை நிண்டால் கடல் தெரியுமோ எண்டு யோசிச்சன்.

— அங்கை கடலுக்கு எங்கை போறது? முகில்தான். காலுக்குக் கீழை.

— தெரியும். அவ சொல்லியிருக்கிறா. கணவாய்க்கு ஏறுற நாள், தன்ரை இதயம் அடிக்கிறது தனக்கு முன்னாலை போறவனுக்குக் கேக்குமோ எண்டு வெக்கப்பட்டவவாம். இருபது அடி நடக்கிறது, நிக்கிறது. ஈரப் புல்லு மணமும் நனைஞ்ச கம்பளி மணமும். சுமை தூக்கிறவன் ஒரு இலையைக் கையிலை வைச்சு, சப்பு எண்டவனாம். கசப்பு. உச்சியிலை காத்து வந்து சேலைத் தலைப்பைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி இழுக்குமாம்.

— அவ ஏன் சேலை கட்டினவ?

— எனக்கு விளங்கவேணும் எண்டு அப்பிடிச் சொன்னவ. நான் அவவின்ரை காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பன். வெளியிலை போர்கோ வெக்கியோ சந்தையிலை மீன்காரன் கத்துவான். எனக்குக் கேக்காது.

— கணவாய்க்கு அங்காலை?

— அங்காலை அந்த நகரம். கல்லோடை கல்லு ஒட்டி, நடுவிலை சுண்ணாம்பும் இல்லையாம். பின்னாலை ஒரு கூர்மலை. இடப்பக்கம் ஒரு முகில். மூண்டு யன்னல்.

— படத்திலை இருக்கிற மாதிரியே.

— ஓம். படத்திலை இருக்கிற மாதிரியே.

— இதிலை அவவைக் காணேல்லையே?

— தங்கச்சி எடுத்த படம். எழுதும் தம்பி, நேரம் ஓடுது.

— சப்பாத்து அளவு?

— சப்பாத்து வேண்டாம். மலைக்கு வெறுங்காலோடைதான் போறது.

— வேண்டாம் எண்டு போட இதிலை இடம் இல்லையக்கா. அங்கை விடியப்புறத்திலை கல்லிலை பனி உறைஞ்சிருக்கும். காலில்லாமல் வந்தால் பிறகு ஆர் சிஞ்ஞோராவுக்கு எண்ணெய் பூசுறது?

— முப்பத்தெட்டு. ஆனால், கடைசி வாசலிலை கழட்டலாமோ எண்டு கேட்டு எழுதும்.

— இதை இங்கிலிசிலை எப்பிடி எழுதுறது?

— நான் கேட்ட மாதிரியே எழுதும்.

— சரி, எழுதியாச்சு. சிரிக்கப் போறாங்கள். சாப்பாடு?

— சைவம். வெள்ளிக்கிழமை இரவிலை ஒரு நேரம்தான்.

— அக்கா, வெள்ளிதான் கணவாய் ஏறுற நாள்.

— விரதம் எண்டால் விரதம்தான்.

— அந்தக் கணவாய்க்குப் பேர் என்ன தெரியுமோ? செத்த பொம்பிளையின்ரை கணவாய். வெறுவயித்தோடை ஏறினால் அந்தப் பேருக்கு நீங்கள் இரண்டாவது ஆள். வழிகாட்டி பாதியிலை திருப்பி அனுப்பிடுவான்.

— திருப்பி அனுப்புவாங்களோ?

— கட்டாயம். மூச்சு முட்டினால் அதிலையே முடிஞ்சுது. வந்த வழியாலை கீழை இறக்கிடுவாங்கள்.

— கணவாயைச் சனிக்கு மாத்தேலாதோ?

— அக்கா, ஆறு நிமிசம்தான் இருக்கு. கணவாயைச் சனிக்கு மாத்த வேறை நாளும் இல்லை. விரதமோ பயணமோ, ஒண்டைச் சொல்லுங்கோ.

— இருபத்தாறு வருசமாப் பிடிக்கிறன் தம்பி. பிள்ளைப்பேறு முடிஞ்சு வந்த வெள்ளியும் விடேல்லை.

— அப்ப பயணத்தை விடுவமோ?

— பொறும். நகரத்துக்குப் போய்ச் சேருறது எண்டைக்கு?

— நாலாம் நாள் விடியக்காலமை. வியாழன், வெள்ளி, சனி. ஞாயிறு.

— ஞாயிறோ.

— ஓம். சூரிய வாசல் எண்டு ஒண்டு இருக்கு. அதுக்குள்ளாலைதான் முதலிலை பாக்கிறது. மழை முகில் இல்லாட்டில் முழு நகரமும் ஒரேயடியாத் தெரியுமாம்.

— ஞாயிறு. நான் மலையிலை நிப்பன்.

— நிப்பியள்.

— வெள்ளி காலமை சாப்பிடுவா எண்டு எழுதும். மத்தியானமும். முருகன் மலையிலை இருக்கிறவர். அவருக்கு விளங்கும்.

— எழுதிட்டன். அவசரத்துக்கு ஆருக்கு அறிவிக்கிறது?

— என்ரை மகள் ஆரணிக்கு. நான் இல்லாத நேரம் அவதான் சிஞ்ஞோராவோடை நிப்பா. இப்பவும் அவதான் நிக்கிறா.

— சரி. இனி ஒரு பொத்தான்தான். அமத்த முதல் ஒண்டு கேக்கட்டோ? கோவிக்கக் கூடாது.

— கேளும்.

— உங்களுக்கு ஐம்பத்தேழு வயசு. முழங்காலுக்கு மருந்து போடுறியள். இந்தா, யூரியூப்பைத் தட்டினால் பத்து நிமிசத்திலை அந்த நகரம் முழுக்கச் சுத்திக் காட்டுறான்.

— பாத்தனான். கன தரம்.

— பிறகென்ன? அவ என்ன பாத்துக்கொண்டு வரச் சொன்னவ?

— பாக்கச் சொல்லேல்லை. அங்கை உள்ளை போய் நிண்டால் என்ன மணம் எண்டு கேட்டவ. கல்லு கையிலை குளிருமோ, சுடுமோ எண்டும்.

— மறந்திட்டா போலை, பாவம். வயசு.

— ஏறின வழியிலை கண்ட நாயின்ரை நிறமே மறக்கேல்லை தம்பி.

— அக்கா, நான் நல்லதுக்குத்தான் சொல்லுறன். இஞ்சை பக்கத்திலை சியாகுல்லியிலை என்ரை மச்சான் வீடு இருக்கு. தோட்டத்துக்கை இரண்டு கிழமை நிண்டிட்டு வாங்கோ. வந்து, புல்லு மணம், கல்லு குளிர், எல்லாம் நீங்கள் பாத்தபடி அப்பிடியே இருக்கு எண்டு சொல்லுங்கோ. கண் தெரியாத மனிசி, சந்தோசமாக் கண்ணை மூடுவா. போகாமலே சொல்லலாமே. என்ன யோசிக்கிறியள்? ஒரு நிமிசம்தான் கிடக்கு.

— அமத்தும் தம்பி. கணவாய்க்கு அங்காலை போகாமலே சொல்லுறதைத்தான் அவ அறுபது வருசமாச் செய்துகொண்டிருக்கிறா.