சாயாத முத்திரை

— லேப்டாப்புக்கு அடியில இருக்கிற ஆறு புத்தகத்தையும் எடுக்க முடியாது, சார். வேணும்னா ஒண்ணு. அதுவும் அந்த ஒல்லிப் புத்தகம்.

— பாருங்க மினாசே-சான், அந்த ஆறும் சேர்ந்துதான் நம்ம தலையணைக் கம்பெனியோட அறுபது வருஷ வரலாறு. அதும்மேல லேப்டாப்பை ஏத்தி வச்சிருக்கீங்களே!

— அச்சடிச்சு வச்ச நாள்லேருந்து அதைத் தொட்ட முதல் ஆள் நான்தான். நீங்க ஒரு பக்கம் படிச்சிருக்கீங்களா?

— பாருங்க, நாளைக்கு டோக்கியோவிலேருந்து விளம்பரப் படம் எடுக்க வர்றாங்க. இருபது மேஜை, இருபது லேப்டாப், ஒரே வரிசை. உங்களுது மட்டும் ஒசாகா கோட்டை மாதிரி நின்னா?

— அது நின்னாத்தான் என் கழுத்து நிக்கும். கீழ வச்சா திரை என் வயித்தைப் பார்க்குது. குனிஞ்சு குனிஞ்சு சுண்டுவிரல் ரெண்டும் மரத்துப்போச்சு. நேத்து மிசோ சூப்புக் கிண்ணம் நழுவி மடியில கொட்டிச்சு.

— சரி, உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம், மூணு எடுத்துருங்க.

— ஒண்ணு.

— ரெண்டு! படம் எடுத்ததும் திருப்பி வச்சுக்கங்க.

— எங்கப்பா குரோமோன் சந்தையில ஆக்டோபஸ் வித்தவரு. எட்டுக் காலையும் எண்ணிக் காட்டுவாரே தவிர, விலையைக் குறைக்க மாட்டாரு. என்கிட்ட பேரமா?

— அப்ப விளம்பரத்துக்கான இந்தத் தாள்லயாவது கையெழுத்துக்குப் பதிலா உங்க பேர் முத்திரையைக் குத்துங்க. மத்த பத்தொன்பது பேரும் குத்தியாச்சு.

— 'எங்கள் தலையணையில் தூங்கும் எங்களில் எவருக்கும் கழுத்துவலி இல்லை.' அடேங்கப்பா! பத்தொன்பது முத்திரையும் உங்க கட்டத்தைப் பார்த்துச் சாஞ்சு, குனிஞ்சு வணக்கம் போடுதே!

— மேலதிகாரி பக்கம் சாய்ச்சுக் குத்துறது மரியாதை. உங்களுக்குத் தெரியாததா?

— இருபத்திரண்டு வருஷம் சாய்ச்சுப் பார்த்தாச்சு. கொண்டாங்க.

— ஏய், என்ன எழுதுறீங்க?

— 'எனக்கு வலிக்கிறது.' பக்கத்துலயே முத்திரை. பாருங்க, விளக்குக் கம்பம் மாதிரி நேரா!

— எங்கியோ மூலையில இருக்கிற தொத்தோரி கிடங்குக்கு மாத்திருவாங்கம்மா!

— மாத்தட்டும். அங்க தலையணைப் பொதி ஆளுயரம் இருக்கும். நிமிர்ந்துதான் பார்க்கணும். அது சரி, நீங்க ஏன் என் பக்கம் திரும்பறப்ப நாற்காலியோட சேர்த்துத் திரும்புறீங்க?

— பழக்கம்.

— காலருக்குள்ள என்ன? கற்பூர வாசனை வருது. வலி பிளாஸ்டர் ஒட்டியிருக்கீங்களா?

— குளிருக்கு.

— ஆகஸ்ட் மாசத்துலயா?

— தாளைக் குடுங்க. நானும் குத்தி, கம்பெனி டைரக்டருக்கு அனுப்பணும்.

— சார்! என்ன, டைரக்டர் கட்டத்துக்குப் பக்கத்துல போய் நேரா குத்திட்டீங்க? மேல 'எனக்கும்'னு வேற!

— என் கழுத்தே திரும்ப மாட்டேங்குது, மினாசே-சான், முத்திரை மட்டும் எப்படிச் சாயும்? அந்த ஒல்லிப் புத்தகம் தர்றேன்னீங்களே, இப்படித் தள்ளுங்க.