கெம்பியின் குழி

டீ நன்றாக இருந்தது, மேடம். சர்க்கரைதான் ஒரு கரண்டி தூக்கல். நான் சொல்லச் சொல்ல உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் எழுதுவதைவிட நானே எழுதித் தந்துவிடுகிறேன். இருபத்திரண்டு வருஷம் விடைத்தாள் திருத்திய கை இது. அடுத்தவர் வாக்கியத்துக்குள் என் பெயரைப் பார்க்க மனசு ஒப்பவில்லை.

என் பெயர் மாதவராஜ். கடத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாற்று வாத்தியார். போன வருஷம், பெரிய வகுப்புப் பிள்ளைகள் படிக்கிற மாதிரி ஒரு பேய்க்கதை நாவல் எழுதினேன். தாது வருஷப் பஞ்சத்தில் கதை தொடங்குகிறது. கெம்பி என்கிற பதினாறு வயதுப் பெண் பசி தாங்காமல் மணியக்காரர் வீட்டு ராகிக் குழிக்குள் இறங்குகிறாள். யாரோ மேலே கல்லை இழுத்து மூடிவிடுகிறார்கள். நூற்றைம்பது வருஷம் கழித்து ஒரு பள்ளிக்கூடப் பெண் அதே குழிக்குள் இறங்கி, கெம்பியின் ஆவியோடு பேசி, மூடியது யார் என்று கண்டுபிடிக்கிறாள். கெம்பி என்று ஒருத்தி பிறக்கவே இல்லை, மேடம். முழுக்க என் கற்பனை. இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழி கற்பனை இல்லை. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் ராகியை மண்ணுக்கடியில்தான் சேமித்தார்கள். வாய் ஓர் ஆள் நுழையும் அகலம், கழுத்துச் சுவரில் கால் வைக்கப் பள்ளங்கள், உள்ளே ஓர் அறை அளவு. மேலே பலகைக் கல், அதற்கு மேல் மண். திறந்ததும் யாரும் இறங்க மாட்டார்கள். முதலில் ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். எரிந்தால் ஆள் இறங்கலாம். அணைந்தால் உள்ளே கெட்ட காற்று, காத்திருக்க வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பதைச் சொல்லாமல் செய்து காட்டிய ஜனங்கள்.

எனக்கு அந்த விளக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் கெட்ட காற்றால் அணைந்தது என்று எழுதினால் அது நாவலா, வேளாண்மை அலுவலகத்தின் துண்டறிக்கையா? அதனால் மாற்றினேன். விளக்கு அணைந்தால் கெம்பி வந்துவிட்டாள் என்று அர்த்தம். பயப்படாமல் இறங்குகிறவளுக்கு கெம்பியின் வெள்ளிக் கொலுசு கிடைக்கும். பிள்ளைகள் அந்த அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதான், ஒத்துக்கொள்கிறேன்.

வெண்மதி பதினொன்றாம் வகுப்பு. அப்பா மாதப்பன் தக்காளி போடுகிறவர். புத்தகத்தை நாலு தடவை படித்ததாகச் சொன்னாள். ஒருநாள் வகுப்பில் எழுந்து நின்றாள்.

"சார், வெளக்கு அணைஞ்சா கெட்ட காத்துன்னு எங்கப்பா சொல்றாருங்க. அப்பறம் எப்படிங்க சார் அந்தப் பொண்ணு உசுரோட ஏறி வந்தா?"

வகுப்பே சிரித்தது. அவள் குறும்பாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் எனக்கு அதிகமாக வலித்தது. மணி அடித்த பிறகு அவளைக் கூப்பிட்டு, இது நடந்த கதை என்றேன். குழி எங்கள் பழைய நிலத்தில், இரட்டைப் புளியமரத்தடியில் இருக்கிறது என்றேன். "நம்பிக்கை இல்லீன்னா நீயே போய்ப் பாத்துக்கம்மா" என்றும் சொன்னேன். வாத்தியார்கள் சொல்கிற சாதாரண வார்த்தைதான்.

கல்லை அவள் நகர்த்த வேண்டியிருக்கவில்லை. புத்தகத்தின் அட்டைப் படத்துக்காக நான் ஏற்கெனவே கடப்பாரை போட்டு நகர்த்தி வைத்திருந்தேன். அட்டையில் ஒரு விளக்கு அணைந்து புகைகிறதே, அது அந்தக் குழிக்குள் எடுத்த படம். மழைத் தண்ணீர் இறங்கி அடியில் பழைய உமி மக்கிக்கொண்டிருந்தது. விளக்கு இரண்டு ஆள் ஆழம்கூடத் தாங்கவில்லை. படம் நன்றாக வந்தது.

அவள் குழிக்குப் போன அன்று சனிக்கிழமை. பொம்மிடியில் ஒரு மண்டபத்தில் புத்தகத்துக்குப் பாராட்டு விழா. மேடையில் தோளில் சால்வையோடு உட்கார்ந்திருந்தபோது வெண்மதியின் போன் வந்தது.

"சார், வெளக்கு அணைஞ்சிருச்சுங்க."

சால்வை நுனியால் போனை மறைத்துக்கொண்டேன்.

"எங்கப்பா சொன்ன மாதிரியேதானுங்க இருக்குது. எறங்கட்டுங்களா, வேண்டாங்களா?"

வேண்டாம் என்பது ஒரே ஒரு வார்த்தை. ஆனால் அதைச் சொன்னால் திங்கட்கிழமை வகுப்பில் அவள் எழுந்து நிற்பாள். என் நிலைமையையும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

"உங்கப்பாவ நம்புறியா, என்னைய நம்புறியா?" என்று கேட்டேன்.

"உங்களத்தானுங்க சார்" என்றாள்.

"அப்ப எறங்கு."

மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள். சுருக்கமாகத்தான் பேசினேன். நன்றாகக் கைதட்டினார்கள்.

விழா முடிந்து குழிக்குப் போக வண்டியில் இருபது நிமிஷம். மரத்தடியில் அவளுடைய செருப்பு, கோயில் வாசலில் விடுவதுபோல ஜோடியாக இருந்தது. அதன்மேல் போன். புளியமரத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தது. கத்தினால் தக்காளிக் காட்டில் வேலை செய்கிறவர்கள் ஓடி வருவார்கள். வந்தால் கேள்வி கேட்பார்கள். நான் இறங்கினால் நானும் போய்விடுவேன். என்னால் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். அங்கே ஆடு மாடு மேய்கிற இடம், குழி திறந்து கிடப்பது ஆபத்து என்று அப்போது தோன்றியது. கயிற்றை அவிழ்த்து உள்ளே போட்டேன், அது குறுக்கே இருந்தால் கல் சரியாக உட்காராது. அவிழ்க்கும்போது கயிறு லேசாக ஆடியது. வெளியே காற்று அடித்ததாக நினைவு. கல்லை இழுத்து மூடி மண்ணைத் தள்ளினேன். செருப்பும் போனும் பக்கத்து ஏரிக்குள் போயின.

போன் பேசினாளே என்று நீங்கள் விசாரித்தபோது, விழாவுக்கு வாழ்த்துச் சொன்னாள் என்றேன். நம்பினீர்கள். அதில் உங்கள் குற்றம் ஒன்றுமில்லை.

அவளுடைய அம்மா சுகுணா தினமும் என் வீட்டுக்கு வந்தாள். படிக்கத் தெரியாதவள். சின்ன மகளை விட்டு என் புத்தகத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

"சார், கதையில அந்தப் பொண்ணு ஏழாம் நாள் வூட்டுக்கு வந்துர்றாளாமுங்க. எம்பொண்ணு போயி அஞ்சு நாளாச்சு. இன்னும் ரெண்டு நாளுங்களா?"

அழாமல் கேட்டாள். "ஆமாம்மா, ரெண்டு நாள்" என்றேன். அஞ்சு நாளாகச் சோறு இறங்காதவள், அன்று என் வீட்டில் ஒரு கை சாப்பிட்டாள். நான் செய்த நல்லதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததாக ஊர் சொல்லும். மறைக்க வேண்டும் என்றிருந்தால் இரட்டைப் புளியமரத்தைப் புத்தகத்தில் எழுதியிருப்பேனா? மாதப்பன் ஒரு காலத்தில் அந்த மரத்தில் புளி உலுக்கியவர். ஏழாம் நாள் பொழுது சாய்ந்தும் மகள் வரவில்லை. எட்டாம் நாள் காலையில் சின்ன மகள் அந்த அத்தியாயத்தை மறுபடி வாசித்தபோது அவருக்குப் பொறி தட்டியது.

கல்லைப் புரட்டியதும் அவர் முதலில் விளக்கைத்தான் இறக்கினாராம். அணைந்துவிட்டது. சுகுணா குதிக்கப் போனாள், நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். மாதப்பன் யாரையும் இறங்க விடவில்லை. வேப்பந்தழையைக் கயிற்றில் கட்டி ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, தீயணைப்பு வண்டி வரும்வரை காற்றை மாற்றிக்கொண்டே இருந்தாராம். மகள் கிடக்கிற குழி என்று தெரிந்தும் முறை தவறவில்லை. நல்ல மனுஷன்.

நேற்று நீங்கள் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டீர்கள். குழியின் கழுத்துச் சுவரில், கல்லுக்கு ஒரு முழம் கீழே, நகக்கீறல் எப்படி வந்தது என்று. உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்று முதலில் எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டேன், பாருங்கள். வாக்குமூலம் என்றால் முழுசாக இருக்க வேண்டும். நான்தான் அவளை இறங்கச் சொன்னேன். நான்தான் மூடினேன். கல் பாதி மூடியிருந்தபோது உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "சார்" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டது. கெட்ட காற்றில் வெண்மதிக்கு அதற்கு முன்பே உயிர் போயிருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது கெம்பி, மேடம்.