ஆறாவது பாட்டில் என் பெயர்

இஞ்சியைத் தோலோடு இடிக்க வேண்டும். பலர் தோலைச் சீவி எறிந்துவிட்டு, காரம் போதவில்லை என்று மிளகைக் கொட்டுகிறார்கள். பண்டால் பேட்டையில் அந்தப் பாட்டு ஸ்டூடியோ வாசலில் பதினொரு வருடமாக இஞ்சிச்சாறு விற்கிறேன், ஐயா. கின்ஷாசாவில் பாட வருகிற யாரும் தொண்டையை நனைக்காமல் மைக் முன்னால் போவதில்லை. கரண்ட் போனால் ஜெனரேட்டரைப் போடுவதும் நான்தான். அதனால் உள்ளே போக எனக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

கெரென் முதல்முறை வந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது. அம்மா மரவள்ளிக் கீரை விற்பவள். அந்த மழைக்காலத்தில் எட்டுப் பாட்டுகள் பாடினாள். 'ஞாயிற்றுக்கிழமை மழை' என்று அந்த ஆல்பத்துக்குப் பெயர் வைத்தார்கள். அது எங்கெல்லாம் ஒலித்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சற்று முன் உங்கள் செல்போன் அடித்ததும் அதில் வரும் ஒரு பாட்டில்தான்.

பாட்டுக்கு நடுவே ஆட்களின் பெயரைக் கூப்பிடுவதை இங்கே கல்லெறிவது என்போம். பெரிய மனிதர்கள் காசு கொடுத்துத் தங்கள் பெயரை எறியச் சொல்வார்கள். அன்று கெரெனை யாருக்கும் தெரியாது, காசு தர ஆளில்லை. அதனால் கண்ணில் பட்டவர்களையெல்லாம் கூப்பிட்டாள். அம்மாவை, ரொட்டிக்காரப் பெண்ணை. ஆறாவது பாட்டில், கிட்டார் மேலே ஏறுகிற இடத்தில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கோப்பையோடு நின்ற என்னைப் பார்த்து, "லுசாலா சிப்ரியன்" என்று பாடினாள்.

எனக்கு அதில் பெரிய ஈடுபாடு ஒன்றும் இல்லை. பீர்க்கடையில் அந்த இடம் வரும்போது பேச்சை நிறுத்துவேன், அவ்வளவுதான். ஒருநாள் பக்கத்து மேசைக்காரனையும் நிறுத்தச் சொன்னேன். அவன் நிறுத்தவில்லை. அவனுக்கு ஒரு பல் போயிற்று. அது வேறு விஷயம்.

இந்த வருடம் ஃபிஸ்டன் அவளுக்கு மானேஜராக வந்தான். வெளிநாட்டுக் கம்பெனிக்காக அந்த எட்டுப் பாட்டுகளையும் புதிதாகப் பாட வேண்டும் என்றான். கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டினான். எந்தப் பாட்டில் யார் பெயர் என்று அதில் எழுதியிருந்தது. ஆறாவது பாட்டுக்கு நேராக ஒரு சுங்க அதிகாரியின் பெயர்.

நான் சாதாரணமாகத்தான் கேட்டேன். அவள் சிரித்தாள்.

"யா சிப்ரியன், உங்க பேருதான் ஒரு தடவை வந்துடுச்சே. ஊரே கேட்டாச்சு. இன்னும் என்ன, கல்வெட்டுல வெட்டணுமா?"

முன்பெல்லாம் எப்போதும் அப்படித்தான், அண்ணனைக் கூப்பிடுவதுபோல 'யா' சேர்த்துக் கூப்பிடுவாள்.

ஃபிஸ்டன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இஞ்சிக்காரனுக்கு ஒரு கல்லா? நாளைக்குச் செருப்புத் தைக்கிறவன் வந்து நிப்பான். போய்யா, போய் ஜெனரேட்டரைப் பாரு."

"சும்மா இரு ஃபிஸ்டன், பாவம்" என்றாள் அவள். ஆனால் அன்றிலிருந்து அவளும் என்னை 'யா இஞ்சி' என்றே கூப்பிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எனக்குக் கோபம் இருந்தது என்று எழுதிவிடாதீர்கள். நான் பாட்டைப் பற்றி மட்டும்தான் யோசித்தேன். முதலில் பாடியபோது அந்தக் குரலில் பசி இருந்தது. இப்போது ஒத்திகையில் கேட்டேன், வயிறு நிறைந்த குரல். முடிந்துபோன ஒன்றைத் திரும்பத் தொடக் கூடாது. இசை தெரிந்த எவரும் இதையே சொல்வார்.

ஆறாவது பாட்டைப் பதிவு செய்ய ஒரு செவ்வாய்க்கிழமை காலை குறித்திருந்தார்கள். என் பக்கத்து வீட்டுப் பெண் சோப்பு காய்ச்சுகிறவள். காஸ்டிக் சோடா கேட்டேன், தந்தாள். அடைத்துக்கொண்ட சாக்கடைக்கு என்று நினைத்திருப்பாள். அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள். எல்லோருக்கும் ஒரே கூஜாவிலிருந்து ஊற்றினேன். எல்லோர் முன்பும் நானும் குடித்தேன். கெரெனின் கோப்பையை மட்டும் வழக்கம்போல ஃபிஸ்டனின் மேசையில் வைத்தேன். அதைச் சுற்றி ஐந்து பேர் நின்றார்கள். இஞ்சியும் எரியும், அதுவும் எரியும்.

"இன்னிக்குக் காரம் தூக்கலா இருக்கே, யா இஞ்சி" என்றாள். சொல்லிவிட்டு இரண்டாவது மிடறும் குடித்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போன டாக்சியில் அவள் தலை என் மடியில்தான் இருந்தது. வண்டி ரேடியோவில் அவளுடைய பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் அணைக்கக் கை நீட்டினான். வேண்டாம் என்றேன்.

பிழைத்துவிட்டாள். சாப்பாடு குழாய் வழியாகத்தான், குரல் இனி வராது என்கிறார்கள். ஆக, அந்த எட்டுப் பாட்டுகளும் பாடியது பாடியபடியே இருக்கும்.

மூன்று வாரமாக ஸ்டூடியோவில் யாரும் யார் கையாலும் தண்ணீர் வாங்குவதில்லை. கிட்டார்காரர் சொந்த பாட்டிலைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு வாசிக்கிறார். ஒவ்வொருவராக என்னிடம் வந்து, "யாரா இருக்கும், சிப்ரியன்? அந்த டிரம்ஸ்காரன் முழியே சரியில்ல" என்று காதைக் கடிக்கிறார்கள். நானும் டிரம்ஸ்காரனைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தேன். ஃபிஸ்டனை நீங்கள் பிடித்து உள்ளே வைத்தீர்கள். அவனுக்கு இரண்டு சின்னக் குழந்தைகள். குற்றம் செய்யாத ஒருவன் உள்ளே இருப்பது நியாயமில்லை. அதற்காகத்தான் வந்தேன்.

போன வெள்ளிக்கிழமை என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டீர்கள். யார்மேலெல்லாம் சந்தேகம் என்று கெரென் தன் கைப்பட எழுதிய தாளை வாசித்துக் காட்டினீர்கள். ஃபிஸ்டன். அவளோடு போட்டி போடும் அந்தப் பாடகி. ஒரு அத்தை. கைவிட்டுப் போன காதலன். டிரம்ஸ்காரன். அன்று வேலைக்கே வராத கார் டிரைவர்கூட. அதன் கீழே ஒரு வரி: 'இஞ்சிக்காரரைக் கேளுங்கள், நல்லவர், அவர் பார்த்திருப்பார்.'

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை, ஐயா. அரசாங்கக் கோப்பில் அப்படி அரைகுறையாக ஒரு பட்டியல் இருக்கக் கூடாது. இதைப் பெரிய எழுத்தில் எழுதி, அவளிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். லுசாலா சிப்ரியன். டிரைவர் பெயருக்குக் கீழே வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலே.